கேட்டைப் பார்த்து நின்ற கார்

என்னைப் பெண் பார்க்க வந்தவர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அவருடைய காரின் பின்பக்கத்தை நாங்கள் குடும்பத்தோடு பார்த்துவிட்டோம்.

இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா ஃபாக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கராக இருந்தார். ஃபாக்டரிக்குக் கீழேதான் எங்கள் குவார்ட்டர்ஸ். கேட்டிலிருந்து வீட்டுப் படி வரைக்கும் முற்றம் நல்ல ஏற்றம், சிமெந்து போட்டிருக்கும். எந்த வண்டி வந்தாலும் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு வரும், படிக்கு முன்னால் நிற்கும். இந்த மனிதர் என்ன செய்தார்? கேட்டுக்கு வெளியே காரைத் திருப்பி, பின்பக்கமாக ஏற்றிக்கொண்டு வந்தார். விடியற்காலையில் குளிரில் விரல் மரத்துப்போக நான் போட்ட கோலத்தின் மேலேயே ஏற்றினார். கோட்டும் வேட்டியுமாகக் கைகூப்பி நின்ற அப்பா, காரின் பின்பக்கத்தைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"வர்றப்பவே போறதுக்கு ரெடியா வர்றானே," என்று அப்பா பல்லைக் கடித்தது ஜன்னலுக்கு உள்ளே இருந்த எனக்குக் கேட்டது.

இவருக்கு முன்னால் இரண்டு பேர் வந்து, கேசரி சாப்பிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். இதுவும் தட்டிப்போனால் திருச்சியில் இருக்கும் அத்தை மகனுக்குத்தான் என்று அப்பா முடிவு செய்திருந்தார். தலைமன்னாரில் கப்பல் ஏற்றிவிடுவாராம். அத்தை மகனைப் போட்டோவில் பார்த்திருக்கிறேன். ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாற்காலி நன்றாக இருக்கும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவர் மேல் எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை. இந்த மலையை விட்டுப் போக எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு நான்தான் டீச்சர். என் பிள்ளைகள், என் பனி, என் குளிர் எல்லாம் இங்கே இருக்க, நான் எதற்குத் திருச்சி வெயிலில் காய வேண்டும்? சொல்ல எனக்கு வாய் இருந்தது. கேட்க அப்பாவுக்குக் காது இல்லை.

வந்தவர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கண்டாக்கு. காலையில் பெரட்டில் நின்று ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புகிற உத்தியோகம். ஆனால் தரகர் எங்களிடம் அதைக் கடைசியாகத்தான் சொன்னார். முதலில் சொன்னது, "மாப்பிள்ளை சொந்தமா கார் வச்சிருக்காருங்க." சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விற்றுவிட்டுப் போன கிழட்டுக் கார் அது. இருந்தால் என்ன, கார் கார்தானே!

அவர் இறங்கினார். கூடவே அவருடைய அம்மாவும் தாய்மாமனும் இறங்கினார்கள்.

"தம்பி, காரைக் கொஞ்சம் வீட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்துங்களேன். பார்க்கிறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றார் அப்பா.

"இருக்கட்டுங்க. இப்படியே இருக்கட்டுமே."

"அதெப்படிங்க?" அப்பா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பை ஃபாக்டரியில் சிரித்தால் ரோலரில் வேலை செய்கிறவர்கள் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

தாய்மாமனும், "திருப்பேன்டா, அதுல என்ன?" என்றார். பாவம், கழுத்தில் கயிறு மாட்டிக்கொள்ளப் போகிறவர் போல அவர் போய்க் காரில் ஏறினார். கீழே கொண்டுபோய்த் திருப்பி, மூக்கு மேலே இருக்க ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

உள்ளே வந்து உட்கார்ந்தவர் உட்காரவே இல்லை. நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். குட்டி போட்ட பூனை கெட்டது போங்கள். நான் தேத்தண்ணீர்த் தட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அம்மாவின் நீலப் பட்டு, தலை நிறையப் பூ, முகத்தில் பவுடர். மகாராசன் கையை மட்டும் நீட்டிக் கோப்பையை எடுத்தார். கண் என் தோளுக்கு மேலே ஜன்னலில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோப்பையைத் தலையில் கவிழ்த்தால் என்ன என்றுகூட நினைத்தேன். பார்க்கத்தானே வந்தாய்? பார்த்துத் தொலையேன்!

அப்படி என்னதான் இருக்கிறது வெளியே என்று நானும் திரும்பிப் பார்த்தேன். காருக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு புறப்பட்டு, சிமெந்துச் சரிவில் ஊர்ந்து, என் கோலத்தில் மிச்சமிருந்த ஒரே தாமரைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவரும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"கை கழுவிட்டு வந்துர்றேங்க," என்று எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார்.

நான் சமையலறைக்கு வந்தேன். பின்னாலேயே அப்பாவும் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"பாத்தியா? புள்ளைய நிமிர்ந்துகூடப் பாக்கல. இப்ப காரைப் பாத்துப் போயிட்டான்," என்று அம்மாவிடம் குசுகுசுத்தார். "போதும். இவங்க போன கையோட திருச்சிக்குத் தந்தி அடிக்கிறேன்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. அதைவிட வேகமாக ஆத்திரம் வந்தது. அப்பா முன்கட்டுக்குத் திரும்பியதும், கேசரி கிண்டிய தாச்சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினேன்.

காருக்கு அந்தப் பக்கம் அவர் குந்தியிருந்தார். கையில் ஒரு பழந்துணி. நான் இந்தப் பக்கம் பட்டுச் சேலையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு குந்தி, சொட்டுகிற இடத்துக்குத் தாச்சட்டியைத் தள்ளினேன். காருக்கு அடியில்தான் நாங்கள் இரண்டு பேரும் முதன்முதலாக முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டோம்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்," என்றார். மெல்லிய குரல். தள்ளினேன்.

"என்னங்க இது?"

"கியர்பாக்ஸ் எண்ணெய்ங்க. பின்னாடி சீல் தேஞ்சிருச்சு. மூக்கு மேல போனா ஒழுகும், கீழ பாத்து நின்னா நின்னுரும்."

"கராஜ்ல காட்டலியா?"

"ரெண்டு தடவ காட்டினேன். அங்க சமதரைங்க. ஒரு சொட்டுக்கூட விழல. ஒனக்குத்தான் பிராந்து பிடிச்சிருக்குன்னு அனுப்பிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராகலையிலும் பொகவந்தலாவையிலும் சமதரைக்கு எங்கே போவது? ஒருத்தர் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஏறித்தானே போக வேண்டும்?

"வர்ற வழியில எத்தன எடத்துல நிறுத்தி எண்ணெய் ஊத்தினேன் தெரியுமா? மாமா கேட்டப்ப எல்லாம் இஞ்சினுக்குத் தண்ணின்னு சொல்லிட்டேன்."

"அதுக்குத்தான் பின்பக்கமா ஏத்திட்டு வந்தீங்களா? நீங்க ஓடப் பாக்கிறீங்கன்னு எங்கப்பா நெனச்சுட்டாரு."

"ஓடவா?" அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார். "ஓடணும்னா நான் பஸ்லதானே வந்திருப்பேன்!"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கையிலிருந்த எண்ணெய் கன்னத்தில் அப்பிக்கொண்டது.

"இத அப்பாகிட்ட சொல்லிருங்க," என்றேன்.

"ஐயோ, வேணாங்க!" கையெடுத்துக் கும்பிட்டார். "தரகர் இந்தக் காரச் சொல்லித்தான் என்னைப் பத்தியே பேச்சை ஆரம்பிச்சிருக்காரு. அது ஓட்டைன்னு தெரிஞ்சா என்னை எவன் மதிப்பான்?"

"நீங்க சொல்லலேன்னா எங்கப்பா என்னைத் திருச்சிக்குக் கட்டிக் குடுத்துருவாரு. தந்தி அடிக்கப் போறேன்னு இப்பத்தான் சொன்னாரு. எனக்கு அங்க போக இஷ்டமில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. பெண் பார்க்க வந்த ஆளிடம், காருக்கு அடியில் குந்திக்கொண்டு, என்னைப் போக விடாதே என்று சொல்லியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் தாச்சட்டியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சுற்றி வந்து, காருக்கு அடியில் பழந்துணியை விரித்துவிட்டுத் தாச்சட்டியைத் தூக்கினார். வெள்ளை வேட்டியில் எண்ணெய் தளும்பி விழுந்தது. அதைக் கவனிக்காமல் படியேறினார். அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. அப்புறம் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், அந்தப் பிடித்தம் மட்டும் போகவில்லை.

முன்கட்டில் எல்லோருக்கும் நடுவே தாச்சட்டியை வைத்தார். அவருடைய அம்மா, "என்னடா கோலம் இது!" என்று வாயில் கைவைத்தாள்.

"மன்னிச்சிருங்க. என் கார் ஒழுகுது," என்றார் அப்பாவைப் பார்த்து. "ஏத்தத்துல நின்னா கியர்பாக்ஸ் எண்ணெய் எல்லாம் போயிரும். அதான் கேட்டைப் பாத்து நிறுத்தினேன். சொல்ல வெக்கமா இருந்திச்சு. உங்க பொண்ண நிமிர்ந்து பாக்காததும் அதனாலதாங்க. இப்பப் பாத்துட்டேன்."

நான் கதவோரம் நின்றேன், கன்னத்தில் எண்ணெயோடு. அப்பா என் கன்னத்தைப் பார்த்தார். வந்தவருடைய வேட்டியைப் பார்த்தார். பிறகு குனிந்து தாச்சட்டியில் ஒரு விரலைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். ஃபாக்டரியில் கொழுந்து பதமாகிவிட்டதா என்று பார்க்கும்போது அப்படித்தான் செய்வார்.

"எண்ணெய் சுத்தமாத்தான் இருக்கு," என்றார். உள்பக்கம் திரும்பி அம்மாவை அழைத்தார். "தேத்தண்ணி வடியைக் கொண்டா. ஒட்டியிருக்கிற கேசரியை வடிச்சுட்டு எண்ணெயைத் திரும்ப ஊத்திரலாம்."

"என் வடியிலயா?" என்று அம்மா அலறினாள்.

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார். முற்றத்தில் பழந்துணி நனைந்து, கறுப்புக் கோடு மறுபடியும் இறங்கத் தொடங்கியிருந்தது.

"நிக்காதீங்க. மொதல்ல காரைக் கேட்டைப் பாக்கத் திருப்பி நிறுத்துங்க, மாப்பிள்ளை!"

அதுவரைக்கும் அப்பா அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்க் கேட்டை அகலத் திறந்துவிட்டேன்.