முனியப்பன் வாங்க மறுத்த சேவல்

எழுதத் தெரியாதவள் எழுதுகிறாளே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் பேச எனக்கு வாய் வராது. பூசைக்குக் கூடுகிறவர்கள் "உனக்கு நடந்ததைச் சொல்லு" என்று கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிறேன். சாமி செய்ததைச் சொல்லாமல் இருப்பதும் மனசை உறுத்துகிறது. அதனால் எழுதிப் பூசாரியிடம் கொடுக்கிறேன். அவர் படித்துச் சொல்லட்டும்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம், ஆடி மாதம். என் கால்கள் மரத்துப் போயின.

எங்கள் ஊர் எருமப்பட்டிப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு ஆத்தூர் அரிசி ஆலையில் எஞ்சின் ஓட்டும் வேலை கிடைத்து, இங்கே குடிவந்தோம். ஊரில் கம்பும் கேழ்வரகும்தான் சாப்பாடு. நெல்லுச்சோறு நோம்பு நாளில் மட்டும். இங்கே ஆலையிலிருந்தே அரிசி வந்தது. நன்றாகத் தீட்டிய, மல்லிகைப் பூப்போன்ற அரிசி. மூன்று வேளையும் அதுதான். எனக்கு அதில் பெருமையும் உண்டு.

முதலில் பாதம் மதமதவென்றது. பிறகு முள் குத்தினாலும் தெரியவில்லை. ஒரு நாள் அடுப்புக் கங்கை மிதித்துவிட்டு, தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் பார்த்தேன். கையில் பிடித்த சொம்பு தானாக விழுந்தது. வைத்தியர் வாதம் என்றார். பருப்பு, பயறு, கீரை, கிழங்கு எதுவும் கூடாது, மிளகு ரசமும் வெள்ளைச் சோறும் மட்டும் என்று பத்தியம் சொன்னார். ஒரு பருக்கைகூடத் தவறாமல் பத்தியம் காத்தேன். ஐப்பசியில் சுவரைப் பிடித்தும் நிற்க முடியவில்லை.

படுத்தபடியே முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டேன். "அப்பா, என்னை நடக்க வை. என் காலால் நடந்து வந்து உனக்குச் சேவல் கொடுக்கிறேன்." வீட்டுக்காரர் அன்றைக்கே நல்ல செஞ்சேவலாக வாங்கி வந்தார். நேர்ந்துவிட்ட சேவல் குப்பையைக் கிளறக் கூடாது என்று பஞ்சாரக் கூடையில் மூடிவைத்தோம். நாங்கள் சாப்பிடும் அரிசியையே அதற்கும் போட்டோம். சாமிக்குப் போகிறதல்லவா.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, சேவல் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. கழுத்து முதுகுப் பக்கம் திருகிக்கொண்டது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சாமி உன் சேவலையே வேணாம்னுடுச்சு, உன்னையா பாக்கப் போவுது?" என்றாள். கெட்டவள் அல்ல, வாய் அப்படி. அன்று நான் செத்துப்போகலாம் என்று நினைத்தேன்.

பூசாரியையே கேட்டுவிடலாம் என்று வீட்டுக்காரர் வண்டி பிடித்தார். என்னைத் தூக்கி உட்கார வைத்து, பஞ்சாரத்தை என் காலடியில் வைத்தார். பூசாரி சேவலைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஊனமான சேவலை சாமிக்குக் குடுக்கக் கூடாதுப்பா."

"வேற வாங்கியாந்தா ஆகுமுங்களா?"

"நேந்தது இதுதானே? இதுதான் வேணும். இது நடக்கணும். முதல்ல அந்த அம்மாவ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. புதுசா ஒரு டாக்டர் வந்திருக்கார்."

சாமி கைவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். வழியெல்லாம் அழுதேன்.

டாக்டர் சிறு வயதுக்காரர். என் முழங்காலைத் தட்டினார், பாதத்தை ஊசியால் தொட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு, எங்களோடு வந்த பஞ்சாரத்தையே பார்த்தார்.

"ஏம்மா, இதுக்கு என்ன தீனி?"

"நாங்க திங்கிறதுதானுங்க," என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "புத்தகத்துலதான் படிச்சிருக்கேன், இப்பதான் கண்ணால பாக்குறேன். ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்றார். அரிசியின் மேல்தோலில் ஒரு சத்து இருக்கிறதாம். அது இல்லாவிட்டால் நரம்பு வாடிவிடுமாம். ஆலையில் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. பருப்பும் கீரையும் தின்றாலாவது கொஞ்சம் கிடைத்திருக்கும், பத்தியத்தில் அதுவும் போயிற்று. சீமையில் அந்தச் சத்தைக் கண்டுபிடித்து, ஊசி மருந்தாகவே செய்து கண்ணாடிக் குப்பிகளில் அனுப்புகிறார்களாம்.

"கொஞ்சம் குப்பி வந்திருக்கு. இன்னும் யாருக்கும் போடல."

வீட்டுக்காரர் என் முன்னால் வந்து நின்றுகொண்டார். "ஏனுங்க சாமி, யாருக்கும் போடாததை என்ற ஊட்டுக்காரிக்கா போடப் பாக்கறீங்க?"

"சரி, முதல்ல சேவலுக்குப் போடுவோம்."

"அது நேந்துவிட்டதுங்க! செத்துப்போச்சுன்னா?"

எங்கிருந்து தைரியம் வந்ததோ, நான் சொன்னேன்: "போடுங்க சாமி. அது நடந்தாத்தான் முனியப்பன் வாங்குவாரு."

சேவலுக்கு ஊசி போட்டு, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் எங்களை உட்கார வைத்தார்கள். அன்று நான் எனக்காக வேண்டவில்லை. "இந்தச் சேவலை எழுப்பிவிடு" என்று மட்டும்தான் வேண்டினேன். வெயில் உச்சிக்கு வரும்போது கழுத்து நேரானது. எழுந்தது, விழுந்தது. வெயில் சாயும்போது இரண்டு காலிலும் நின்றது. கிட்டே குனிந்து பார்த்த வீட்டுக்காரரின் கால்விரலைக் கொத்தியது.

"ஐயோ, கொத்துது புள்ள! கொத்துது!" என்று குதித்தார். அப்படியே டாக்டரிடம் ஓடினார். "அதையே போடுங்க சாமி. அந்தக் குப்பியில மிச்சம் இருக்குதுங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "உங்க சம்சாரத்துக்குப் புதுக் குப்பியே உடைக்கிறேன்."

சேவல் மாதிரி ஒரே நாளில் நான் எழவில்லை. ஆஸ்பத்திரியில் தங்கி ஊசி போட்டுக்கொண்டேன். தவிட்டுக் கஞ்சி, பாசிப்பயறு, முட்டை கொடுத்தார்கள். மாட்டுக்கு வைக்கிறதை எனக்கு வைக்கிறார்களே என்று முதலில் தொண்டையில் இறங்கவில்லை. மார்கழியில் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பிறகு எரிந்தது. நெருப்பாக எரிந்தது. டாக்டர், "வலிக்குதா? நல்லது, நரம்பு திரும்ப வருது" என்றார். வலியைக் கும்பிட்டேன்.

"மருந்து குணமாக்கிச்சு, முனியப்பன் என்ன பண்ணினார்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களோடு வாதாட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்று அந்தச் சேவலை வாங்கியிருந்தால், நேர்த்தி முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். அந்தச் சோற்றையே தின்றிருப்பேன். வாங்காமல் விட்டதுதான் எனக்குக் கிடைத்த பதில். மருந்து கண்டுபிடித்தவர்கள் எந்தத் தேசமோ, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களோ. அவர்களுக்காகவும் விளக்கு வைக்கிறேன்.

நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள். கேட்டது கிடைக்கவில்லை என்றால், உடனே கைவிட்டுவிட்டார் என்று என்னைப்போல் அழாதீர்கள். எங்கே போகச் சொல்கிறாரோ அங்கே போங்கள். வைத்தியம் பார்க்க வெட்கப்படாதீர்கள். இப்போது எங்கள் வீட்டில் கைக்குத்தல் அரிசிதான். செல்லம்மாவும் அதற்கு மாறிவிட்டாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து கோயில்வரைக்கும் நடந்தேன். மெதுவாகத்தான். வழியில் ஒருமுறை மைல்கல் மேல் உட்கார்ந்தேன். சேவல் வீட்டுக்காரரின் கையில் திமிறிக்கொண்டு வந்தது. பூசாரி வாங்கிப் பார்த்து, "இப்ப சரி" என்றார். மஞ்சள்தண்ணீர் தெளித்ததும் நன்றாகச் சிலிர்த்தது; சாமி சம்மதம் கொடுத்துவிட்டது. அறுத்துப் பொங்கலிட்டோம்.

மறுநாள் மீதமிருந்த குழம்பைச் சூடு பண்ணி வீட்டுக்காரருக்கு ஊற்றினேன். அவர் ஆலைக்குப் போனார். நான் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன்.