ஜெர்மனிக்குப் போன வைக்கோல்

அவளைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனுக்கு அவள் வந்தபோது நான் அங்கே ஏழு வருஷத்துக்காரி. நான் ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் லோயரும் பாஸ் செய்துவிட்டு வந்தவள். அவள் பாரூர்க்காரி. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் பெட்டி பெட்டியாகப் பழம் அடுக்கிக்கொண்டிருந்தவள். வந்த ஒரே வாரத்தில் கேன்டீன்காரரோடு கன்னடத்திலும் வாட்ச்மேனோடு தெலுங்கிலும் பேசிச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். எங்களுக்கெல்லாம் ஒரு வடை என்றால் அவள் தட்டில் இரண்டு விழும். அதில் பாதியைப் பிட்டு அவள் என் தட்டில் வைப்பாள். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

எங்கள் கம்பெனியில் டைமர் செய்தார்கள். மெஷினைக் குறித்த நேரத்துக்கு ஓடவிட்டு நிறுத்துகிற, உள்ளங்கை அளவு எலக்ட்ரானிக் சாமான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதில் பாதிக்கு மேல் ஜெர்மனியில் ஒரே ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு டைமரையும் தெர்மகோல் அச்சில் பதித்து, பாலிதீன் சுற்றி, பெட்டியில் வைத்து மூடி ஸ்டேப்ளர் பின் அடிப்போம். எந்த அச்சு, எத்தனை சுற்று என்பதையெல்லாம் முடிவு செய்தது நான். உடைந்து போனது என்று ஒரு புகார்கூட அங்கிருந்து வந்ததில்லை.

அந்த வருஷம் எங்கள் செக்‌ஷனுக்கு ஒரு இன்சார்ஜ் போடப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். பர்மனென்ட் ஆர்டர், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. எட்டுப் பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே வேலை செய்த இடத்தில் நாற்காலி என்பது சின்ன விஷயமில்லை. அது எனக்குத்தான் என்று நான் முடிவே செய்திருந்தேன். கல்யாணமாகிப் போன தங்கைக்குக் கடிதம்கூடப் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் ஜெர்மனியிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் என்று மேனேஜர் அதன் நகலை என்னிடம் கொடுத்து, எல்லோருக்கும் படித்துச் சொல்லச் சொன்னார். பேக்கிங் மேஜையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். அவர்கள் நாட்டில் புதுச் சட்டம் வந்திருக்கிறது, பொருளை விற்கிறவன்தான் அதைச் சுற்றி வருகிற பெட்டி, பை, அட்டை எல்லாவற்றுக்கும் பொறுப்பு, உபயோகித்த பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதும் அவன்தான் என்று எழுதியிருந்தது. அதனால் இனிமேல் தெர்மகோல் கூடாது, பாலிதீன் கூடாது, பின் கூடாது. மீறி அனுப்பினால் காலிப் பெட்டிகளை நம் தலையிலேயே கட்டிவிடுவார்கள்.

மேனேஜர் சிரித்தார். "இப்படியே விட்டா, நாளைக்குப் பழசான டைமரையும் நீயே வந்து எடுத்துட்டுப் போன்னு சொல்லுவான்."

நாங்களும் சிரித்தோம். எங்கள் கம்பெனியில் கெட்டுப்போன சர்க்யூட் கார்டுகளைச் சாக்கில் கட்டி காயலான்காரரிடம் போடுவோம். அவர் ராயக்கோட்டை ரோட்டோரம் அவற்றைக் கொளுத்திச் செம்பை எடுப்பார். நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். பொறுப்பு என்பது அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

கடிதம் இரண்டு தாள். முதல் தாளைப் படித்து முடிக்கும்போது சாப்பாட்டு மணி அடித்தது. இரண்டாவது தாளில் வெறும் பட்டியல்தான் இருந்தது. பிறகு பார்க்கலாம் என்று மடித்துக் கைப்பையில் வைத்தேன். அதுவரை என்மேல் ஒரு குற்றமும் இல்லை.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் இரண்டாவது தாளை எடுத்துப் படித்தேன். எதையெல்லாம் பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்ற பட்டியல் அது. நடுவில் ஒரு வரி: வைக்கோல், உமி, காய்ந்த புல் எதுவும் வரக் கூடாது, பூச்சியும் விதையும் சேர்ந்து வரும் என்று சுங்கத்தில் தடுத்துவிடுவார்கள். வைக்கோலை யார் வைக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த ஒரு வாரம் நான் அட்டையை வெட்டியும் மடித்தும் பார்த்தேன். தெர்மகோல் இல்லாமல் டைமர் பெட்டிக்குள் ஆடியது. மேஜையிலிருந்து போட்டுப் பார்த்தால் ஓரம் உடைந்தது. மேனேஜர் தினமும் வந்து கேட்டுவிட்டுப் போனார். இன்னும் சரியாக வரவில்லை சார் என்று தினமும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் பாரூர்க்காரி ஒரு பெட்டியோடு வந்தாள். ஊருக்குப் போய்விட்டு வந்திருந்தாள். உள்ளே ஒட்டாமல், பின் அடிக்காமல், அட்டையை அட்டையில் செருகிச் சின்னச் சின்ன அறைகள் செய்திருந்தாள். அறைக்கு ஒரு டைமர். அடியிலும் மூலையிலும் பொன்னிறத்தில் வைக்கோல், பிரி போல முறுக்கிச் சுருட்டி வைத்திருந்தது.

"மண்டியில இப்டித்தான் சார் வெப்போம். ஒரு பழம் ஒரு பழத்தைத் தொடக் கூடாது. லாரி எவ்ளோ குதிச்சாலும் பழம் கன்னிப்போவாது. வைக்கோலு மக்கிப் போறதுதான? அந்த ஊரு சட்டத்துக்கு இதைவிட என்னா வேணும்?"

மேனேஜர் பெட்டியை முழங்கால் உயரத்திலிருந்து போட்டார். பிறகு மேஜையிலிருந்து போட்டார். பிறகு மாடிப்படியிலிருந்து உருட்டினார். திறந்து பார்த்தால் ஒரு டைமர்கூட இடம் மாறவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "ஏழு வருஷமா இருக்கீங்க, உங்களுக்கு இது தோணலையேம்மா" என்றார்.

அந்த ஒரு பேச்சுதான். முகத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி எரிந்திருக்காது. இங்கிலீஷ் தெரியாதவள், பழம் அடுக்கினவள், வந்து ஒரு வருஷம் ஆகாதவள். என் நாற்காலியில் அவள் உட்கார்ந்து, தலையில் வைத்த கனகாம்பரத்தை முன்னால் எடுத்து விட்டுக்கொண்டு, அப்போதும் எனக்குப் பாதி வடை பிட்டு வைப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கைப்பையில் அந்த இரண்டாவது தாள் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். வைக்கோலை எடுத்துவிட்டு வேறு எதையாவது வைப்பார்கள், அவள் பெட்டி அப்படியே ஜெயித்துவிடும். அதனால்தான் நான் சொல்லவில்லை. மறதியில் இல்லை, பயத்தில் இல்லை. அவள் ஜெயிக்கக் கூடாது என்பதற்காகவே சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க பாரூரிலிருந்து மூட்டை மூட்டையாக வைக்கோல் வந்தது. எட்டுப் பெண்களும் தரையில் உட்கார்ந்து பிரி முறுக்கினோம். நானும் முறுக்கினேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி முறுக்கினால் கையில் குத்தாது என்று காட்டினாள். முதல் லாட் லாரியில் பெங்களூர் போய் அங்கிருந்து விமானத்தில் போயிற்று. வழியனுப்ப அவள் கேட் வரைக்கும் ஓடினாள்.

இரண்டு வாரத்தில் ஃபேக்ஸ் வந்தது. சுங்கத்தில் லாட்டை நிறுத்திவிட்டார்கள். பெட்டிகளைப் பிரித்து வைக்கோலையெல்லாம் அங்கேயே கொளுத்திவிட்டார்கள். விளக்கம் வரும்வரை அடுத்த ஆர்டர் கிடையாது.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் எங்கள் இருவரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். அசல் கடிதத்தின் இரண்டாவது தாள் அவர் கையில் இருந்தது. அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

"வைக்கோல் கூடாதுன்னு பட்டவர்த்தனமா எழுதியிருக்கான். நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க? இவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா, இல்லையா?"

இந்தக் கேள்விக்கு நான் இரண்டு நாளாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். சொன்னேன் சார், அவள்தான் காதில் வாங்கவில்லை என்று சொல்வதாக இருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"அக்கா சொன்னாங்க சார். எனக்குத்தான் மறந்துபோச்சு."

மேனேஜர் கால் மணி நேரம் அவளைத் திட்டினார். மண்டிப் புத்தி என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அட்டை அறைகள் அப்படியே இருக்கட்டும், வைக்கோலுக்குப் பதில் கிழித்த காகிதம் வைக்கலாம், இனிமேல் எல்லாவற்றையும் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லாரி ஏற வேண்டும் என்று முடிவாயிற்று. நான் அங்கே இருந்தவரை ஜெர்மனிக்குப் போனது அவளுடைய பெட்டிதான். தாளில் இருந்தது என் கையெழுத்து.

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். "நான் உன்கிட்ட சொல்லவே இல்லியே. எதுக்கு அப்டிச் சொன்னே?"

அவள் தாவணி நுனியால் முகத்தைத் துடைத்தாள். "காகிதம் ரெண்டு இருந்துச்சுக்கா. நீங்க ஒண்ணு படிக்கறதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க. ரெண்டாவதை அப்டியே மறந்துட்டீங்க. அதைப் போயி அவர்கிட்ட சொன்னா இன்சார்ஜ் வேலை உங்களுக்கு வருமா? ஏழு வருஷமா காத்துக்கிட்டு இருக்கீங்க. எனக்கு என்னா, திட்டு வாங்கிப் பழக்கம்தான்."

அவள் அதை நடித்துச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. நான் மறந்துவிட்டேன் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். என்னைப் பற்றி அவ்வளவு நல்லவிதமாக நினைக்க என்னாலேயே முடிந்ததில்லை. மறுபடியும் அதே எரிச்சல். வடைக்கும் பெட்டிக்கும் கைதட்டலுக்கும் பட்ட பொறாமையெல்லாம் இதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

பஸ்ஸிலேயே படித்துவிட்டேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். குழாயடியில் வேறு யாரும் இல்லை.

"ஆமா, மறந்துட்டேன்" என்றேன்.

அடுத்த மாதம் இன்சார்ஜ் ஆர்டர் என் பேருக்கு வந்தது.