உக்காரு மாஸ்டர்

“இன்னும் கொஞ்சம் உக்காரும்மா... இன்னும்... ஆங், அப்படியே இரு!”

சொல்லிக்கொண்டே அளவு நாடாவை ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்காலுக்கு ஓட்டுகிறார். நிற்க வைத்து அளவெடுக்கிற சோலியே இந்தத் தையல்காரரிடம் கிடையாது. பரத உடைக்கு அளவு கொடுக்க யார் வந்தாலும், முழங்கால்களை இரு பக்கமும் விரித்து அரைமண்டியில் உட்கார்ந்தாக வேண்டும். கால்களுக்கு நடுவே விரியும் விசிறி மடிப்பின் அகலம் அங்கேதான் தெரியும். புரியவில்லை என்றால் தொந்தியோடு தானே உட்கார்ந்து காட்டுவார். எழுந்திருக்க மட்டும் மேசையைப் பிடித்துக்கொள்வார். ஊர் வைத்த பெயர் ‘உக்காரு மாஸ்டர்’.

தைத்த உடை மேடையேறும் நாளில் மூன்றாவது வரிசை ஓரத்தில் இவரைப் பார்க்கலாம். சட்டைக் காலரில் நூல் கோத்த ஊசி ஒன்று, எங்காவது தையல் விட்டால் ஓடிப்போய்ப் போட. நிகழ்ச்சி முடிகிறவரை அதைக் கழற்ற மாட்டார். ஆடுகிறவரின் முகத்தை இவர் பார்த்ததாகச் சரித்திரமே இல்லை. “முகத்தைப் பாக்கத்தான் அத்தனை பேர் இருக்காங்களே. மடிப்பை யாரு பாக்குறது?”

இப்படிப்பட்ட மனிதர்தான் போன மாதம் ஒரு காரியம் செய்துவிட்டார்.

ஊரில் நடனம் சொல்லித்தரும் டீச்சருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இரண்டு வருடம் கழித்து மீண்டும் மேடையேறப் போகிறவர், அளவு கொடுக்க வந்தார். பாதி இறங்கியதுமே முகம் சுருங்கிவிட்டது. “இவ்வளவுதான் மாஸ்டர் முடியுது. இதுக்கே தைச்சிடுங்க.” மாஸ்டரும் குறித்துக்கொண்டார். ஆனால் கத்தரிக்கோலை எடுத்ததும் கை ஓடவில்லை. அந்த அளவுக்கு வெட்டினால் விசிறி குறுகிவிடும். டீச்சரே நினைத்தாலும் அதற்குமேல் உட்கார முடியாது. பழைய நோட்டைத் தேடி, டீச்சரின் பழைய அளவுக்கே வெட்டிவிட்டார்.

இஸ்திரி போடும்போது மனைவி கண்டுபிடித்துவிட்டார். “என்னங்க இது, மடிப்பு இவ்வளவு அகலமா இருக்கு? அவங்களால உக்கார முடியலேன்னா தொளதொளன்னு தொங்குமே! சபையில அவங்க மானம் போயிடுமுங்க!”

“தெரியும்டி.”

“தெரிஞ்சே பண்ணீங்களா? உங்களை என்னன்னு சொல்றது!”

போட்டுப் பார்க்க வந்த டீச்சரோ கண்ணாடி முன் நின்றபடியே திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, “நல்லாயிருக்கு மாஸ்டர்” என்று கிளம்பிவிட்டார். உட்காரவே இல்லை. பார்க்கிறவரையெல்லாம் உட்காரச் சொல்லும் மாஸ்டரும் அன்று அவரை உட்காரச் சொல்லவில்லை.

நேற்று மாலை நிகழ்ச்சி. அரங்கு நிறைந்திருந்தது. மிருதங்கம் ஒலித்ததும் டீச்சர் கைகளை மார்புக்கு நேரே நிறுத்தி மெல்ல இறங்கினார். அன்று அளவு கொடுத்த இடத்தில் நின்றுவிட்டார். மடிப்பு நடுவில் தொய்ந்து தொங்கியது. பின்வரிசையில் யாரோ குசுகுசுவென்று பேசினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மாஸ்டரின் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

மாஸ்டரின் முழங்கால்கள் நாற்காலியிலேயே தாமாக விரிந்தன. “இன்னும் கொஞ்சம் உக்காரும்மா” என்று அவர் உதடு முணுமுணுத்தது.

இரண்டாவது சுற்றில் டீச்சர் இன்னும் கொஞ்சம் இறங்கினார். மூன்றாவது சுற்றில், தட்டிய கால் தரையில் அழுந்த, முழுசாக உட்கார்ந்தார். விசிறி ஒரு மடிப்புகூடக் குறையாமல் விரிந்து விறைத்து நின்றது.

“அப்பாடா!” என்று மனைவி வாய்விட்டே சொல்லிவிட்டார். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

மாஸ்டர் காலரிலிருந்த ஊசியை எடுத்து, நூலை உருவிவிட்டு, ஊசியை மனைவியின் கையில் கொடுத்தார். பிறகு நிமிர்ந்து, டீச்சரின் முகத்தைப் பார்த்தார்.