ஒரு வருஷம் கழித்து வாருங்கள்

மெட்டில்டாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வரும். இப்படியும் ஒருத்தி இருப்பாளா! கச்சிபௌலியில் ஒரு பல் மருத்துவமனை. அதன் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது என் வேலை. உள்ளே இரண்டாவது அறையில் பல்லையும் ஈறையும் சுத்தம் செய்வது அவள் வேலை. கதவில் டென்டல் ஹைஜீனிஸ்ட் என்று எழுதியிருக்கும். வருகிற சாஃப்ட்வேர் பிள்ளைகளில் பாதிப் பேர் அவளை நர்ஸ் என்பார்கள், மீதிப் பேர் டாக்டர் என்பார்கள். ஒவ்வொருவரையும் உட்கார வைத்துத் திருத்துவாள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

நான் திண்டுக்கல்காரி. கணவருக்கு இங்கே வேலை கிடைத்ததால் வந்து சேர்ந்தவள். அவள் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா ரயில்வே. மல்காஜ்கிரியில் அண்ணன் எட்மண்ட் வீட்டு மாடியறையில் இருந்தாள். அங்கிருந்து ரயில், ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ, பிறகு போக்குவரத்து நெரிசலில் கொஞ்சம் நடை. ஆனாலும் எனக்கு முன்னால் வந்து கருவிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருப்பாள். அவளைவிட நான் இரண்டு வயது மூத்தவள். அந்த உரிமையில் ஒருநாள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேவிட்டேன்.

"அப்பாக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு வசந்திக்கா. நான்தான் பாத்துக்கிட்டேன். அவரு போனப்போ எனக்கு முப்பத்தெட்டு. அப்புறம் யாரும் வந்து கேக்கல," என்றாள். கருவிகளை எடுத்து அடுக்கிக்கொண்டே, "ஆசை இல்லேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. இருக்கு," என்றாள்.

சம்பந்தம் என்பவர் முதன்முதலில் வந்தது 2008 கடைசியில். பக்கத்து ஐ.டி. கம்பெனி ஒன்றில் மேனேஜர், மாயவரத்துக்காரர், நாற்பத்தாறு வயது. நெற்றியில் திருநீற்றுக் கீற்று, வாயில் கைக்குட்டை. இட்லி சாப்பிட்டாலே ஈறில் ரத்தம் வருகிறதாம். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் கேட்டது எனக்கு வெளியே கேட்டது.

"க்ளீன் பண்ணினா பல்லு ஆடும்னு சொல்றாங்களே, நெஜமாங்க?"

"கைக்கு ஆடும்? பல்லு மேல காரை கட்டி நிக்குது சார். அது ஈறைத் தின்னு தின்னுதான் பல்லு ஆடும். பயம் நக்கோ, வாயைத் தொறங்க."

மெட்டில்டாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிகிறவரை பேசிக்கொண்டே இருப்பாள். நாற்காலியில் இருப்பவருக்கு வலியில் நினைப்பு போகக் கூடாதாம். தெலுங்கரிடம் தெலுங்கு, மற்றவர்களிடம் இந்தி, ஆங்கிலம். தமிழ்க்காரர் வந்தால் தமிழ்; அதிலும் இந்த ஊர் உருது கலந்து, ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்பாள். ரயிலில் பார்த்தது, அண்ணி வைத்த குழம்பு, கிறிஸ்துமஸுக்குச் சுட்ட கேக் கருகியது, எல்லாம் வரும். வாயைத் திறந்து வைத்திருப்பவரால் "ஆ" என்பதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அன்றைக்குச் சம்பந்தம் வெளியே வந்து, பணம் கட்டி, வேலை முடிந்த பிறகும் போகாமல் என் மேசை ஓரமாக நின்றார்.

"வீட்டுல இப்படி ஒருத்தர் பேசிக் கேட்டு நாலு வருஷம் ஆச்சுங்க," என்றார். அவர் மனைவி இறந்து நாலு வருஷம். மகள் சௌம்யா திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இங்கே தனி ஆள், பூட்டிய வீடு.

அவருக்கு ஈறு நோய் ஆழமாக இருந்ததால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னாள். வந்தார். நோய்க்கு வருகிறவர் மாதிரியா வந்தார்? சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பார். இவளும் அந்த வாரம் முழுக்க, "சனிக்கிழமை யாரு யாரு இருக்காங்கக்கா?" என்று ஒன்றும் தெரியாதவள்போல் கேட்பாள். அன்றைக்குப் பார்த்துக் காதில் முத்துத் தோடு ஏறியிருக்கும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? அவள் கழுத்தில் சிலுவை, அவர் நெற்றியில் திருநீறு. அந்த வயதில் அதெல்லாம் ஒரு தடையா? தேவைப்பட்டால் இரண்டு வீட்டிலும் நானே போய்ப் பேசியிருப்பேன்.

ஆனால் அந்த மனிதர் அவள் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பிரஷ்ஷை எப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், இரவில் பல்லிடுக்கில் எப்படி நூல் விட்டு எடுக்க வேண்டும் என்று அவள் காட்டியதைக் காட்டியபடியே செய்தார். ஈறு ஆறிக்கொண்டே வந்தது. நுனியில் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று அவளிடம் உண்டு. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு ஆழம் பார்ப்பாள். ஆழம் குறைந்து, ரத்தமும் நின்றுவிட்டால் அடிக்கடி வர வேண்டியதில்லை. அடுத்து எப்போது வர வேண்டும் என்பதை, மருத்துவமனையை நடத்தும் டாக்டர் பத்மப்ரியா அவள் பொறுப்பிலேயே விட்டிருந்தார்.

2010இல் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன். "நாளைக்கு அவரு வர்றாரு. ஈறு ஆறிப்போச்சுன்னு நீதான் போன தடவையே சொன்ன. ஆறினா ஆறிட்டுப் போகுது, மூணு மாசம்னே போட்டு விடு. எவன் வந்து அளந்து பாக்கப் போறான்?"

"நல்லாருக்கிற ஈறை நோயின்னு சொல்றதாக்கா? நக்கோ. அவரு என்னைய நம்பித்தான் உக்கார்றாரு."

"அப்ப வேற ஏதாச்சும் சொல்லி வரச் சொல்லேண்டி. ஒரு காப்பி குடிக்கலாம்னு சொல்லு. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அது எப்படிக்கா நானா கேக்கிறது?" என்றாள். அவள் காது சிவந்து போனது.

மறுநாள் இருவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். அவள் முகம் பரீட்சையில் முதல் ஆளாய் வந்த பிள்ளையின் முகம்போல் இருந்தது. "வசந்திக்கா, ஒரு எடத்துல கூட ரத்தம் இல்ல! சார், இனிமே ஒரு வருஷம் கழிச்சு வந்தாப் போதும்."

"ஒரு வருஷமா?" என்றார் அவர்.

"ஹவ் சார். இப்படியே வச்சுக்கிட்டீங்கன்னா நடுவுல வரவே தேவையில்ல."

அவள் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அவர் காதிலோ கதவைச் சாத்துகிற சத்தமாக விழுந்தது. "நீங்க சொன்னபடிதாங்க எல்லாம் செஞ்சேன்," என்றார். ஏதாவது சொல்லுவாள் என்று கொஞ்ச நேரம் நின்றார். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். அவர் போய்விட்டார். கண்ணாடிக் கதவு மூடிய பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன். வெளியே யாராவது தமிழ் பேசினால் கையுறையோடு எட்டிப் பார்ப்பாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பெனி பஸ்கள் போவதையே பார்த்திருப்பாள். ஒருநாள் திடீரென்று, "அவரைப் பாக்கணும்போல இருக்குக்கா," என்றாள். சட்டென்று போனை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நக்கோ, நக்கோ! என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்றாள். உன்னையெல்லாம் தலையில் குட்ட வேண்டும் என்று திட்டிவிட்டு போனை வைத்தேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை, நேரம் குறிக்காமலே சம்பந்தம் வந்து நின்றார். வாயில் மறுபடியும் கைக்குட்டை. உள்ளே அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் மெட்டில்டாவின் குரல் உயர்ந்தது. அவள் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க? இப்படி வீங்கிப் போயிருக்கு! ரெண்டு வருஷம் ஒவ்வொரு பல்லா பாத்துப் பாத்து ஆத்தினேன் சார். நூல் போடலையா?"

"போடலைங்க. நானாத்தான் நிறுத்தினேன்." பிறகு அவரே சொன்னார். "நல்லா வச்சுக்கிட்டா வர வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

அடப்பாவி மனுஷா! சும்மா வந்து பார்த்திருந்தால் யார் வேண்டாமென்றார்கள்? வரச் சொல்ல அவளுக்கு ஒரு நோய் வேண்டும், வருவதற்கு இவருக்கு ஒரு நோய் வேண்டும். ஜாடிக்கேற்ற மூடிதான்.

ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தார்கள். அவள் கண் ஈரமாக இருந்தது, ஆனால் சிரித்தது. "அக்கா, மூணு மாசம் கழிச்சு சாருக்கு நேரம் குறிங்க," என்றாள்.

"மூணு மாசத்துல நான் இங்க இருக்க மாட்டேங்க," என்றார் சம்பந்தம். "புதன்கிழமை அமெரிக்கா கெளம்புறேன். முன்னாடி எத்தனையோ தடவை போகச் சொன்னாங்க, மாட்டேன்னேன். நீங்க ஒரு வருஷம்னு சொன்னப்புறம், சரி, இங்க நமக்கு என்ன இருக்குன்னு ஒத்துக்கிட்டேன். விசா வர இவ்வளவு நாளாச்சு. போறதுக்குள்ள உங்களை ஒரு தடவை பாத்துடணும்னுதான்..."

மெட்டில்டா முகக்கவசத்தைக் கழற்றினாள். "திரும்பி வருவீங்களா?"

"பொண்ணும் அங்கதான் மேல படிக்கப் போறா. தெரியலைங்க." பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவரும்.

அவள் அலமாரியைத் திறந்து நூல் டப்பாக்களை அள்ளி ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். "அங்க போனதும் மொதல்ல என்னைய மாதிரி ஒருத்தர்கிட்ட காட்டணும். இனிமே நிறுத்தக் கூடாது. எனக்காக சார்," என்றாள். அவர் பையை வாங்கிக்கொண்டார். அவள் முகத்தையே பார்த்துவிட்டுப் படி இறங்கினார். தெருவில் வண்டிகளுக்கு நடுவே அவர் தலை மறைகிறவரை அவள் கதவருகிலேயே நின்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு நான் பொய் சொல்லியிருக்கணுமாக்கா?"

"ஆமாண்டி! சொல்லியிருக்கணும்! ஒரே ஒரு பொய், என்ன குடி முழுகியா போயிருக்கும்?" என்று கத்தினேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அவள் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"நாளைக்கே அன்னிக்கு மாதிரி ஆறின ஈறோட வந்து அவரு உக்காந்தாலும், நான் ஒரு வருஷம்னுதான் சொல்லுவேன்க்கா," என்றாள். "அது எனக்குத் தெரியுது பாருங்க, அதான் அழுகை நிக்க மாட்டேங்குது."