மழை நாளில் பிழைத்த கதாநாயகி

மழை பெய்தால் எங்கள் துறைமுகத்தில் உப்பு மூட்டை ஏற்ற மாட்டார்கள். கப்பலில் தார்ப்பாயைப் போட்டு மூடிவிடுவார்கள். கிளியரிங் ஆபீசில் கிளார்க்காக இருந்த எனக்கு அதற்கப்புறம் வேலை கிடையாது. எழுபதுகளில் பருவமழை தந்த அந்த ஓய்வுப் பகல்களை எல்லாம் பஜாரில் ஒரு டீக்கடையில்தான் கழித்தேன். கூடவே இரண்டு சிநேகிதர்கள்.

ஒருவன் உப்பளத்தில் மேஸ்திரி. ஆறடி உயரம், முரட்டு மீசை. எந்தப் படம் வந்தாலும் முதல் நாளே பார்த்துவிட்டு வந்து எங்களுக்குக் கதை சொல்லுவான். சண்டைக் காட்சி வந்தால் நாங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு ஆடும். சோகக் காட்சிக்கு வாயாலேயே வயலின் வாசிப்பான். மற்றவன் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், நாசரேத்துக்காரன். கிரிக்கெட் நடக்கிற நாளில் டிரான்சிஸ்டர் காதோடு ஒட்டியிருக்கும். இங்கிலீஷில் வரும் வர்ணனையைத் தமிழில் சொல்லி, பந்து எப்படித் திரும்பியது என்பதை டீ கிளாஸை நகர்த்திக் காட்டுவான். எனக்குப் படமும் மாட்சும் பெரும்பாலும் இவர்கள் வாய் வழியாகத்தான் வந்து சேர்ந்தன.

அன்றைக்கு மழைக்காகப் பள்ளிக்கூடமும் விட்டாயிற்று.

"மத்தியானத்துக்கு மேல மழை வெறிச்சு வெயிலடிக்கும்னு ரேடியோவுல சொல்லுதான்" என்றான் வாத்தியார்.

"அப்பம் நாளைக்கும் பேயும். குடைய மறக்காதீரும்" என்றான் மேஸ்திரி.

சொல்லி வாய் மூடுவதற்குள் டீக்கடைக் கூரை எங்கள் தலைக்கு மேலேயே ஒழுக ஆரம்பித்தது. எதிரே தியேட்டர். மதியக் காட்சிக்கு மணி அடித்தார்கள். நனையாமல் இருக்கலாமே என்று நான் எழுந்தேன். மேஸ்திரிக்கு மனசில்லை.

"நான் பாத்த படம் வே அது. இங்கனயே உக்காருங்க, முழுக் கதையும் சொல்லுதேன்."

"ஒழுகாத இடத்துல வச்சுச் சொல்லும்" என்று வாத்தியார் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

தியேட்டர் ஒழுகவில்லை. ஆனால் தகரக் கூரை. படம் தொடங்கிய சிறிது நேரத்தில் மழை வலுத்துவிட்டது. திரையில் எல்லாரும் வாயை அசைக்கிறார்கள், ஒரு சொல் கேட்கவில்லை. மேஸ்திரி எங்கள் இருவருக்கும் வசனம் சொல்லத் தொடங்கினான். அவனுக்கு மெதுவாகப் பேச வராது. முன் பெஞ்சிலிருந்து ஒருவர் திரும்பினார். சத்தம் போடாதே என்று ஏசப் போகிறார் என நினைத்தேன்.

"அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அவ்வளவுதான். மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டான். கதாநாயகனுக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல். கதாநாயகிக்கு மீசையை ஒரு கையால் மூடிக்கொண்டு மெல்லிய குரல். "நான் யாருக்கு என்ன பாவம் செய்தேன்?" என்று அவன் விம்மினபோது, டிரான்சிஸ்டரைக் காதில் வைத்திருந்த வாத்தியார் "கேட்ச்சை விட்டுட்டான்!" என்று அலறினான். பெண்கள் பக்கமிருந்து "யாரு விட்டா?" என்று கேள்வி வந்தது.

இடைவேளை விட்டதும் மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டான். "போதும் வே, கெளம்புவோம்" என்றான். ஆனால் ஜனங்கள் விடவில்லை. யாரோ அவனுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு எப்படிப் போவது?

இடைவேளைக்குப் பிறகு அவன் சொன்னதும் திரையில் நடந்ததும் ஒத்துப்போகவில்லை. கதாநாயகி படுக்கையில் கிடந்தாள். "அவ அண்ணன் வெளிநாட்டுலேர்ந்து மருந்தோட கப்பல்ல வாரான்" என்றான் மேஸ்திரி. திரையில் அந்த அண்ணன் ரயிலில் ஏறினான்.

"ரயில்லா வருது?" என்று கேட்டது முன் பெஞ்சு.

"மொதல்ல ரயிலு. பொறவு கப்பலு."

அந்தச் சமயத்தில் கரண்ட் போயிற்று. இருட்டில் மேஸ்திரிக்குத் தடை எதுவும் இல்லை. கப்பல் வந்தது, மருந்து வந்தது, கதாநாயகி எழுந்து உட்கார்ந்தாள், வில்லன் காலில் விழுந்தான். நாதஸ்வரத்தையும் மேஸ்திரியே வாசித்துக் கல்யாணத்தை முடித்துவைத்தான். விசில் பறந்தது. மழையும் குறைந்திருந்ததால், பாதிப் பேர் கல்யாணம் பார்த்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மீதிப் பேர் இருந்தபோது கரண்ட் வந்தது. இப்போது வசனம் தெளிவாகக் கேட்டது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தலை குனிந்தார். கதாநாயகி கண்ணை மூடினாள்.

"அண்ணாச்சி, அவ பொழைச்சிட்டான்னு சொன்னியளே!" என்று ஓர் அம்மா எழுந்து நின்று கேட்டாள். மேஸ்திரியைப் பார்த்தேன். அந்த மீசை நடுங்கிக்கொண்டிருந்தது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

வெளியே தூறலில் நடக்கும்போது உண்மை வந்தது. சோகம் அவனுக்குத் தாங்காதாம். கதாநாயகி இருமினால் போதும், இடைவேளையோடு எழுந்து வந்துவிடுவானாம். மீதியைத் தானே கட்டிக்கொள்வானாம்.

வாத்தியார் நடுரோட்டில் நின்றுவிட்டான். "அப்பம் தீவாளிப் படம்?"

"அதுவும்தான்."

"அதுல கோர்ட்டு சீன் ஒண்ணு சொன்னீரே, நான் கிளாஸ்ல பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னேனே?"

"அது எங்க சித்தப்பா கேஸு."

நான் சிரித்த சிரிப்பில் குடை கவிழ்ந்துவிட்டது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவ கண்ண மூடினா செத்துட்டான்னு அர்த்தமா வே?" என்றான்.

"டாக்டர் கண்ணாடியக் கழத்தினா, அம்பயர் வெரலத் தூக்கின மாதிரி. அவுட்டுதான்."

"அம்பயர் தப்பாக் குடுக்கதே இல்லியா? நேத்து அவரு அப்பன் பாட்டன் வரைக்கும் ஏசினது யாரு?"

வாத்தியார் டிரான்சிஸ்டரின் காதைத் திருகினான். தண்ணீர் புகுந்துவிட்டதோ என்னவோ, அது இருமிவிட்டு அடங்கியது. மேஸ்திரி அதை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, மீதி ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினான். நம்மாட்கள் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.