குறை சொல்லாத சங்கம்

எங்கள் சங்கத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஓர் உறுப்பினரின் பொருளை இன்னோர் உறுப்பினர் குறை சொல்லக் கூடாது. அதைப் போட்டவள் நான்தான். அதனால் வந்த வினையையும் நானே சொல்லிவிடுவதுதான் முறை.

அருப்புக்கோட்டையில் பன்னிரண்டு மெஷின் போட்டு நைட்டி தைக்கும் யூனிட் நடத்துகிறேன். ஊரிலும் சுற்றுப்பட்டிலும் சொந்தமாகத் தொழில் செய்யும் பெண்கள் நாற்பது பேர் சேர்ந்து சங்கம் ஆரம்பித்தபோது என்னைத் தலைவியாகப் போட்டார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மாவு மில் வைத்திருக்கும் உறுப்பினரின் மாடியில் கூடுவோம். கோடையில் சந்தைக்கு வருகிறவர்களுக்கு மோர்ப்பந்தல் போடுவோம். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுப்போம். சும்மா கூடிக் கலையும் சங்கம் அல்ல என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போதும் உண்டு.

ஆரம்பத்தில் ஓர் உறுப்பினர் முறுக்கு போட்டு விற்றார். இன்னொருத்தி வாட்ஸப் குரூப்பில், அத்தனை பேரும் பார்க்க, ‘எண்ணெய் வாடை அடிக்குது’ என்று போட்டுவிட்டாள். முறுக்குக்காரம்மா அன்றைக்கே குரூப்பை விட்டு வெளியேறினார். அடுத்த மாதம் அடுப்பையும் அணைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த கூட்டத்தில் மேஜையைத் தட்டினேன்.

“நம்மளக் குறை சொல்ல வெளிய ஆளா இல்ல? நம்ம பொழப்புல நம்மளே மண்ணள்ளிப் போடணுமா? பொருள் பிடிச்சிருந்தா நல்லா இருக்குன்னு போடுங்க. பிடிக்கலையா, பேசாம வீட்டுல வச்சுக்கிடுங்க.”

எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து யார் புதிதாகத் தொழில் தொடங்கினாலும் முதல் போணி சங்கத்துடையது என்றும் வைத்துக்கொண்டோம். பேரம் கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது. வாங்கி, போட்டோ எடுத்து, ‘அருமை’ என்று குரூப்பில் போட வேண்டும்.

ஐப்பசியில் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பத்து வருஷம் நூல் மில்லுக்குப் போனவள். விடியுமுன் ஊருக்கு வரும் மில் பஸ்ஸில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி இருமல் விடாமல் பிடித்துக்கொள்ளவே, வேலையை விட்டுவிட்டாள். மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய கொட்டகையில் உமி நீக்கும் சின்ன மெஷின் போட்டு, ஊரார் விளைவித்த குதிரைவாலியை வாங்கி, அரிசியாக்கிப் பாக்கெட் போட்டாள். மாமியார் தவணை கொடுத்திருந்தார்.

“சித்திர பொறக்குற வரைக்கும் பாக்கச் சொல்லிருக்காக. அதுக்குள்ள கால் ஊனலேன்னா, கொட்டகையில மறுபடி மாட்டக் கட்டிருவாக. நான் மில் பஸ்ஸுல ஏறணும்” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆளுக்கு இரண்டு பாக்கெட் வாங்கினோம். கொண்டுவந்த பை அரை மணியில் காலி.

வீட்டில் பொங்கினேன். என் கணவர் இரண்டாவது வாயிலேயே நிறுத்தினார். நறுக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது.

“கல்லு” என்றார்.

“ஒண்ணு ரெண்டு கெடக்கும். பாத்துச் சாப்பிடுங்க.”

“பாத்துச் சாப்பிட இது என்ன மீனா?” என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். கல்தான். மீதியைப் பரண் மேல் ஏற்றினேன். ஏற்றிய கையோடு போனை எடுத்து, ‘குதிரைவாலிச் சோறு அருமை. வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டார்கள்’ என்று போட்டேன். சட்டம் போட்டவளே மீறலாமா? என்னைப் பார்த்து வரிசையாக எல்லோரும் ‘அருமை’ போட்டார்கள். கார்த்திகையிலும் வாங்கினோம், மார்கழியிலும் வாங்கினோம். என் பரணில் ஐந்து பாக்கெட் சேர்ந்துவிட்டது.

மார்கழிக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

“மருதயில பெரிய கடைக்காரரு ஒருத்தர் மாசா மாசம் ஒரு லோடு எடுக்குறேன்னு சொல்லிருக்காரு. அடுத்த வாரம் வந்து சமைச்சுப் பாத்துட்டு முடிவு சொல்லுவாராம். நம்ம குரூப்ல நீங்கல்லாம் போட்டத அப்படியே போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். அக்கா, ஒங்க மெசேஜுதான் எல்லாத்துக்கும் மேல இருக்கு.”

மாடியே அதிரக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கூட்டம் முடிந்ததும் செயலாளரை மாடிப்படியில் மறித்தேன். துணிக்கடை நடத்துகிறவர், கணவர் சவுதியில் இருக்கிறார். எனக்கு வாய்த்த நல்ல தோழி.

“உண்மையச் சொல்லு. அந்த அரிசிய நீ சாப்புட்டியா?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “ஒரு தடவ கஞ்சி காச்சுனேன்க்கா. சின்னவ பல்லுல கல்லு மாட்டி ஒரே அழுக. அதோட பீரோ மேல வச்சுட்டேன். நீங்க அருமைன்னு போட்டீகளா, எனக்கு வந்த பாக்கெட்டு மட்டுந்தான் அப்படியோன்னு நானும் போட்டுட்டேன்.”

அங்கேயே நின்று பத்துப் பேருக்குப் போன் போட்டோம். ஒருவர் வீட்டிலும் முதல் தடவைக்குப் பிறகு அந்த அரிசிக்கு உலை வைக்கவில்லை. பார்லர் வைத்திருக்கும் உறுப்பினர் கோழிக்குப் போட்டுவிட்டாராம். “கோழி நல்லாத் திங்குதுக்கா” என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். அதைக் கேட்டு இருவரும் படியிலேயே உட்கார்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளே இருவரும் பஸ் ஏறினோம். திருச்சுழி தாண்டி மினி பஸ் போகும் சாலை நெடுக, புதிதாக அறுத்த குதிரைவாலிக் கதிரைப் பரப்பி வைத்திருந்தார்கள். வண்டிகள் ஏறி ஏறித்தான் மணி உதிர வேண்டும். எங்கள் பஸ்ஸும் சரசரவென்று அதன் மேல் ஏறிப் போனது. ஓரத்தில் தலையில் துண்டைக் கட்டிய பெண்கள் விளக்குமாற்றோடு நின்றார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கும் காட்சி. அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டே போனேன்.

அவள் எங்களைப் பார்த்ததும் பரபரப்பாகிவிட்டாள். சாப்பிடாமல் பேசக் கூடாது என்று உட்காரவைத்துக் குதிரைவாலிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டாள். மெள்ளப் பயந்து பயந்து மென்றேன். கல்லே இல்லை. பூப்போன்ற சோறு. தோழியின் முகத்தைப் பார்த்தேன், அவரும் என் முகத்தைப் பார்த்தார். வந்த காரியத்தை எப்படிச் சொல்வது?

கை கழுவப் புறவாசலுக்குப் போன தோழிதான் கூப்பிட்டார். “அக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன்.”

குழாயடியில் ஒரு பிடி கறுப்புப் பொடிக்கல் கிடந்தது.

“அரிசிய எப்படித் தாயி களைவ?” என்று அவளிடம் கேட்டேன்.

செய்தே காட்டினாள். ஒரு சட்டியில் அரிசியைத் தண்ணீரோடு ஆட்டி ஆட்டி, மேலே எழும்பி வருவதை மட்டும் அடுத்த சட்டிக்குச் சாய்த்தாள். அடியில் தங்கியதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குழாயடியில் வீசினாள். கை தானாக ஓடியது.

“டவுனுல இப்படி யாரு அரிக்கிறா? ரெண்டு தடவ கழுவி அப்படியே குக்கர்ல போட்டுருவோம்” என்றேன்.

“அரிக்காமயா?” என்றாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

உள்ளே போய்ப் புதுப் பாக்கெட் ஒன்றைப் பிரித்தாள். இரண்டே தடவை கழுவிக் குக்கரில் போட்டாள். விசில் வந்ததும் இறக்கினாள். சூடு ஆறுமுன்பே எடுத்துச் சாப்பிட்டாள். மூன்றாவது வாயில் நிறுத்தி, கல்லை உள்ளங்கையில் துப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ரோட்டுக் கல்லு” என்றாள். பிறகு, “இது எத்தன பேருக்குத் தெரியும்?”

“எல்லாத்துக்கும்.”

“மூணு மாசமாவா?”

“ஆமா.”

“எனக்குத் தெரியாமப் போனது என் மடத்தனம். எங்கையி தன்னால அரிச்சிருது, நான் அந்தக் கல்லக் கடிச்சதே இல்ல. ஒங்களுக்குத் தெரியும்லக்கா? தெரிஞ்சுக்கிட்டே அருமைன்னு போட்டீக. அத நம்பித்தான நான் அங்கிட்டு அனுப்புனேன். அந்த மனுசன் வாயில கல்லு பட்டிருந்தா, என்னய மில் பஸ்ஸுல ஏத்திவிட்டது எங்க மாமியா இல்ல, நீங்கதான்.”

உன் மனசு நோகக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய். கைதட்டு வாங்கிய சட்டம் எனக்குப் பிடித்திருந்தது, நல்லவள் என்ற பேரும் பிடித்திருந்தது. அவள் இருமல் என் நினைவிலேயே இல்லை.

“மருதக்காரர்ட்ட நான் பேசுறேன்” என்றேன்.

“வேணாம். நானே பேசிக்கிடுறேன்.”

எங்கள் முன்னாலேயே போன் போட்டாள். “ஐயா, அரிசியில கல்லு இருக்கு. இப்ப வராதீக. புதுக் கதிருல சுத்தமாத் தாரேன், பங்குனியில வந்து பாருங்க.” அந்தப் பக்கம் நீளமாகப் பேச்சு ஓடியது. வைத்துவிட்டு எங்களிடம், “சரின்னுட்டாரு. பங்குனி முடியுறதுக்குள்ள லோடு வரலேன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவாராம்” என்றாள். பஸ் ஏற்றிவிட அவள் வரவில்லை.

தை மாதக் கூட்டத்துக்கு என் பரணில் இருந்த ஐந்து பாக்கெட்டையும் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். ஒவ்வொருவராக எழுந்து வந்து அவரவர் வீட்டில் கிடந்ததை வைத்தார்கள். மேஜை கொள்ளவில்லை. நான் போட்ட சட்டம் தப்பு, இன்றோடு அது கிடையாது என்றேன். குறை இருந்தால் குரூப்பில் போடாமல், இந்த மாடியில் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்றேன். முதலில் குதிரைவாலிக்காரிதான் எழுந்தாள்.

“அப்ப ஒங்க நைட்டியில இருந்தே ஆரம்பிக்கலாமாக்கா? ரெண்டே சலவையில பட்டன் ஓட்ட பிரிஞ்சு தொங்குது.”

சுர்ரென்று ஏறியது எனக்கு. நாக்கு நுனிவரை வந்த வார்த்தையைப் பல்லுக்குள் பிடித்துக்கொண்டேன். அதற்குள் கழுத்து இறுக்கம் என்றாள் ஒருத்தி, சாயம் போகிறது என்றாள் இன்னொருத்தி. இத்தனை நாள் இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டா என் நைட்டியைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள் என்று மலைத்துப்போனேன். அந்த வாரமே பட்டன் துளைக்கு இரட்டைத் தையல் போடச் சொன்னேன்.

குதிரைவாலிக்காரிக்கு அதன்பின் நிற்க நேரமில்லை. ரோட்டில் அடித்த தானியத்தை எடுக்க மாட்டேன் என்று ஊரில் சொல்லிவிட்டாள். பாதிப் பேர் கோபித்துக்கொண்டார்கள். மீதிப் பேருக்குச் சங்கத்திலிருந்து தார்ப்பாய் கொடுத்தோம். மாவு மில்லில் கல் நீக்கும் மெஷின் ஒன்றைப் பொதுவில் வாங்கிப் போட்டோம், அக்கம்பக்கத்துச் சம்சாரிகளும் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம். அவளோ என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர ஒரு சொல் பேசவில்லை.

பங்குனியில் மதுரைக்காரர் வந்து சாப்பிட்டுப் பார்த்துச் சம்மதித்தார். மாதத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள் லோடு என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின சாயங்காலம் லோடில் ஏற வேண்டிய பாக்கெட் ஒன்றைக் கண்டக்டரிடம் கொடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். காலையில் எழுந்ததும் இரண்டு தடவை கழுவிக் குக்கரில் போட்டேன். நல்ல சோறு. தட்டு காலியாகும் நேரத்தில் பல்லில் பட்டது. ஒரே ஒரு கல்.

மணி ஒன்பது. பத்துக்கு வண்டி கிளம்ப வேண்டும். சித்திரைக்கு முழுசாக இரண்டு நாள்கூட இல்லை. ஒரு கல்லுக்காக அவள் பிழைப்பில் கை வைப்பதா? யார் வீட்டுச் சோற்றில்தான் கல் இல்லை? இப்படியெல்லாம் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு தட்டைக்கூடக் கழுவிவிட்டேன். பிறகு போன் போட்டேன்.

“ஒரு கல்லு இருந்துச்சு தாயி.”

அந்தப் பக்கம் வண்டி இஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

“முழுசும் சாப்புட்டீகளா?”

“முழுசும் சாப்புட்டேன். ஒண்ணுதான்.”

“பாக்கெட்டுல என்ன தேதி போட்டிருக்கு?”

கண்ணாடியை மாட்டிப் பார்த்துச் சொன்னேன். “அது கடைசியாப் போட்ட பாக்கெட்டு, அவசரத்துல மெஷினுல ஒரு தடவதான் விட்டது” என்றவள் திரும்பி, “அண்ணே, இஞ்சின அமத்துங்க. பின்னாடி ஏத்துன பத்து மூட்டையையும் எறக்குங்க” என்று கத்தினாள். பிறகு என்னிடம், “பொடச்சுப் பாக்க ஆளு வேணும்க்கா. பொழுதுக்குள்ள லோடு போயாகணும்” என்றாள்.

யூனிட்டில் மெயினை அணைத்துவிட்டு, பதினோரு பேராக, வீட்டிலிருந்த முறத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கொட்டகையில் தார்ப்பாய் விரித்துப் பிரித்துக் கொட்டிப் புடைத்தோம். எனக்கு முறம் சரியாக வராது என்று அவள் மாமியாரே முகத்துக்கு நேராகச் சொல்லி, பாக்கெட் ஒட்டும் வேலைக்கு மாற்றினார். அத்தனை மூட்டையிலுமாக ஏழு கல் கிடைத்தது. மூன்று மணிக்கு வண்டி கிளம்பியது.

பொழுது சாயும் நேரத்தில் மினி பஸ்ஸுக்காகச் சாலையில் நின்றோம். இந்தத் தடவை அவளும் கூட வந்தாள். அங்கே நிற்கும்போதுதான் மதுரையிலிருந்து போன் வந்தது. சரக்கு வந்து சேர்ந்தது, அடுத்த மாதமும் இதே அளவு அனுப்பவும் என்றார்கள். எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, என் பக்கம் வந்து நின்றாள்.

“ஒரு கல்லுதானக்கா. நீங்க சொல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?”

“ஒண்ணும் ஆயிருக்காது. லோடு காலையிலயே போயிருக்கும். நீயும் தெரியாம என்னய நம்பிக்கிட்டே இருந்திருப்ப.”