ஏழு அத்தியாயமும் ஒரே ஃபிளாப்பியில்

செந்துறையில் ஆசிரியையாக இருக்கும் நான், போன வருடம் என் எம்.ஃபில். ஆய்வேட்டைப் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் செய்யக் கொடுத்தேன். ஏழு அத்தியாயங்களையும் ஜிப் கோப்பாகச் சுருக்கி ஒரே ஃபிளாப்பியில் தந்தார் உரிமையாளர். அது திறக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், தன் கம்ப்யூட்டரில் இருந்ததை அன்றே அழித்தும் விட்டார். சமர்ப்பிக்க நான்கு நாள் இருக்கையில் அவரிடமே பிரிண்ட் எடுக்கப் போனால், கோப்பு திறக்கவில்லை.

“நீங்க வெயில்ல வச்சிருப்பீங்க டீச்சர். இனிமே ஒண்ணும் வராது. ஃபார்மட் பண்ணித் தரேன், வேற ஏதாச்சும் போட்டுக்குங்க” என்றார் சிரித்துக்கொண்டே. தவறு அவருடையது, பழி எனக்கு!

“தொடாதீங்க! எடுத்துக் குடுங்க” என்று நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

அரியலூரில் டி.டி.பி. வேலை செய்யும் என் தோழி மேரி, ஃபிளாப்பியில் படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் நகல் எடுத்தாள். பிறகு, கெட்டுப்போன ஜிப்பைச் சரிசெய்யும் மென்பொருளை ஓட்டினாள்.

“ஒரு எடந்தான்டி கெட்டுருக்கு. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றாள். ஆறு அத்தியாயங்கள் முழுதாக வந்தன. ஐந்தாவதை மட்டும் என் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துத் திரும்ப அடித்தோம்.

ஆய்வேடு நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது. அந்த மனிதர் மீதான கோபம் மட்டும் போகவில்லை. இப்போதெல்லாம் யார் கோப்பைச் சுருக்கித் தந்தாலும், வேறொரு கம்ப்யூட்டரில் என் கண்முன்னே திறந்து காட்டும்வரை மூலத்தை அழிக்க விடுவதில்லை. முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.